கலங்கலுக்குக் கீழே

2024 கோடை தொடங்கிய சமயம். கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியறையில், கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு வார இறுதிகளில் பைதான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருத்தி கல்வராயன் மலையிலிருந்து வருவாள். வெள்ளிமலையில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வருவதற்குள் பாதிக் காலை போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மடிக்கணினியில் சிம்பை ஓடவில்லை. எம்பிமாத் என்ற தொகுப்புக்குள் 'ரேஷனல்' என்று எதுவும் இல்லை என்றது திரை. ராத்திரி முழுக்க அழித்து அழித்துத் திரும்ப நிறுவியிருக்கிறாள். டேட்டாவும் தீர்ந்துவிட்டது. "நான்தாண்ணா ஏதோ தப்பா பண்ணிட்டேன். எனக்கு இதெல்லாம் வராதுபோல" என்றாள்.

அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. சரி, அப்படியானால் தப்பு யாருடையது? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சிம்பை, கணக்கைக் குறியீடாகவே போடும் மென்பொருள். இரண்டின் வர்க்கமூலத்தை 1.414 என்று வெட்டாது. எத்தனை படி கடந்தாலும் மூலமாகவே வைத்திருக்கும். "தசமத்தில் 50 இலக்கம் கொடு" என்று நாம் கேட்டால் அது எம்பிமாத்திடம் போகும். எம்பிமாத், ஃப்ரெட்ரிக் யோஹான்சன் 2007இல் தொடங்கிய தொகுப்பு. வெகுகாலம் அதன் பிரதி ஒன்று சிம்பைக்குள்ளேயே குடியிருந்தது. 2016 மார்ச்சில் சிம்பை 1.0 வந்தபோது அதைத் தனிக்குடித்தனம் வைத்தார்கள். அதற்கப்புறம் சிம்பையை நிறுவுகிறவர் எம்பிமாத்தையும் தனியாக நிறுவ வேண்டும். எந்தப் பதிப்பிலிருந்து வேண்டும் என்று சிம்பை சொன்னது. எந்தப் பதிப்போடு நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. நாளைக்கும் இவன் இப்படியே இருப்பான் என்ற நம்பிக்கைதான்.

2024இல் எம்பிமாத் 1.4இன் சோதனைப் பதிப்பு வந்தது. உள்ளே சில அறைகளை மாற்றிக் கட்டியிருந்தார்கள். சிம்பை வழக்கமாக நுழையும் 'ரேஷனல்' என்ற கதவு பழைய இடத்தில் இல்லை. பிப் என்கிற நிறுவும் கருவி சாதாரணமாகச் சோதனைப் பதிப்புகளைத் தொடாது. கட்டளையில் ஒரு சொல் சேர்த்துக் கேட்டால்தான் தொடும். அந்தச் சொல் ஒரு தொகுப்போடு நிற்காது, கூடவே இறங்குகிற எல்லாவற்றுக்கும் பொருந்தும். பைட்டார்ச்சுக்குச் சிம்பை வேண்டும், சிம்பைக்கு எம்பிமாத் வேண்டும். பைட்டார்ச்சின் சோதனைப் பதிப்பைக் கேட்டவருக்கு எம்பிமாத்தின் சோதனைப் பதிப்பும் சேர்ந்தே வந்து இறங்கியது. உலகம் முழுக்கப் பலருக்கும் இதே பிழை வந்தது.

யாரைக் குற்றம் சொல்வது? எம்பிமாத்காரர்கள் தங்கள் வீட்டைத் தாங்கள் செப்பனிட்டார்கள், அதையும் 'சோதனை' என்று எழுதி ஒட்டித்தான் வெளியிட்டார்கள். சிம்பைக்காரர்கள் நம்பினார்கள். பிப் சொன்னதைச் செய்தது. இரண்டு மென்பொருள்களின் உரிமத்திலும் 'உள்ளது உள்ளபடி தருகிறோம், உத்தரவாதம் இல்லை' என்றுதான் இருக்கிறது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடைசியில் அடி மட்டும் சங்கிலியின் நுனியில் நிற்கிற பிள்ளைமேல் விழுகிறது. பிழைச்செய்தி அவள் திரையில்தானே வருகிறது?

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது புதுக்கதை இல்லை. மேல ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்தால்தான் கீழ ஏரிக்குத் தண்ணி. மேல ஊர்க்காரர்கள் தங்கள் ஏரியைப் பலப்படுத்தக் கலங்கலை ஒரு சாண் உயர்த்தினால் அது அவர்களுக்கு நல்ல காரியம். கீழே நாற்று காயும். மேலே இருக்கிறவன் மாற்றவே கூடாது என்று சொல்ல முடியாது, ஏரி உடைந்தால் எல்லோருக்கும் நஷ்டம். மாற்றுவதற்கு முன்னால் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்கலாம். கீழே இருக்கிறவனும், எந்த ஏரியின் தண்ணீரில் தன் வயல் விளைகிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

'யாரையும் சார்ந்திருக்காதே' என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்கிறார்கள். எனக்கு அது பாதிப் பொய்யாகப் படுகிறது. சார்ந்திருப்பதில் வெட்கமில்லை. எதைச் சார்ந்திருக்கிறோம், எதுவரை என்று சொல்லாமல் இருப்பதில்தான் ஆபத்து. சிம்பை அதைப் புரிந்துகொண்டது. அதே ஆண்டு வந்த 1.12.1 பதிப்பில் 'எம்பிமாத் 1.4-க்குக் கீழே' என்று வரம்பு போட்டார்கள்.

வரம்பை இறுக்கிக்கொண்டே போனாலும் சிக்கல்தான். ஒரு தொகுப்பு 1.4-க்குக் கீழே கேட்கிறது, இன்னொன்று 1.4-க்கு மேலே கேட்கிறது என்றால் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. 2020 நவம்பர் வரை பிப் இதை நம் பந்திபோலத் தீர்த்துக்கொண்டிருந்தது. முதலில் கேட்டவருக்குக் கிடைக்கும், பின்னால் வந்தவர் அனுசரித்துப் போக வேண்டும். 20.3 பதிப்பிலிருந்து வழி மாறியது. முரண் வந்தால், தான் முன்பு எடுத்த முடிவுக்குத் திரும்பிப் போய், அதைக் கைவிட்டு, வேறொன்றை எடுத்துப் பார்க்கும். மனிதர்களுக்கு ரொம்பக் கஷ்டமான காரியம் அது.

எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சோதனைப் பதிப்பைக் கேட்கும் அந்தச் சொல், நான் அச்சடித்துக் கொடுத்த குறிப்புத்தாளில் இருந்தது. பைட்டார்ச்சில் புதிதாக வந்ததைக் காட்டும் ஆசையில் நானே எழுதியது. அவள் எழுத்துப் பிசகாமல் அதைத் தட்டியிருக்கிறாள். பிழையைப் பார்த்த இரண்டாவது நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. எம்பிமாத் 1.3.0-வை நிறுவச் சொல்லி ஒரு வரி அடித்தேன். எல்லாம் ஓடியது. "தேங்க்ஸ்ண்ணா, நீங்க இல்லன்னா அவ்ளோதான்" என்றாள். அந்த நன்றியையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவள் பஸ் மலை ஏறியிருக்கும். 'எனக்கு இதெல்லாம் வராதுபோல' என்ற வாக்கியமும் அவளோடு ஏறிப் போயிருக்கும். நான் சரிசெய்தது மென்பொருளை மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "போன வாரம் வந்த பிழை என்னால வந்தது. தாள்ல அந்தச் சொல்லை எழுதினது நான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லண்ணா" என்றாள் அவள். கோபமாகத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. என் கையிலிருந்த தாளை வாங்கி, அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்தாள். பக்கத்தில் 1.3.0 என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.