விரதம் முடிந்த மறுநாள்

"அவனுக்கு மன உறுதி இல்ல. இருந்திருந்தா எப்பவோ விட்டிருப்பான்."

குடியிலோ போதைப்பொருளிலோ சிக்கியவரைப் பற்றி நம் வீட்டிலும் ஒட்டுக்கடையிலும் கோயில் திடலிலும் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு இது. நண்பர்களே, இந்தத் தீர்ப்பு சரிதானா என்று நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஏனென்றால் இதை நம்பித்தான் பல குடும்பங்கள் சிகிச்சைக்கு அனுப்பாமல் வருடக் கணக்கில் காத்திருக்கின்றன.

தைப்பூச விரதத்தை எடுத்துக்கொள்வோம். வாரா வாரம் கூட்டாளிகளோடு குடிக்கிற ஓர் அண்ணன் காவடி எடுப்பதாக வேண்டிக்கொள்கிறார். 48 நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லை. சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை, காலையும் மாலையும் குளியல், பூஜை. பத்துமலை ஏறி இறங்கி விரதத்தை முடிக்கிறார். மறுநாள் சாயங்காலமே பழைய கூட்டாளிகள் டின்னோடு வந்து நிற்கிறார்கள். அவ்வளவுதான். "சாமிக்குப் பயந்து விட முடியுது, பொண்டாட்டி பிள்ளைக்காக விட முடியாதா?" என்று ஊர் கேட்கிறது.

நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த 48 நாளும் அவரைத் தாங்கியது எது? பக்தி, சந்தேகமே இல்லை. அதோடு வேறு சிலவும் இருந்தன. எழுந்திருக்க ஒரு நேரம், சாப்பிட ஒரு முறை, கூடவே விரதம் இருக்கும் பத்து பேர். எல்லாரும் அவரை 'சாமி' என்று கூப்பிட்டார்கள். குடிக்கிற கூட்டாளிகளும் மரியாதையாக விலகி நின்றார்கள். 49ஆவது நாள் இத்தனையும் ஒரே நேரத்தில் போய்விட்டன. மன உறுதி மட்டும் தனியாக நின்று சமாளிக்க வேண்டியதாயிற்று.

தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு இல்லம் என்பது இதே அமைப்பை மாதக் கணக்கில் நீட்டிப் பிடிப்பதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு வித்தியாசம், அங்கே மருத்துவமும் சேர்கிறது. பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம், மனம் குழம்பலாம், உயிரே போகலாம். அதனால் "இன்னையிலருந்து தொடாதே" என்று அறையில் பூட்டி வைப்பது ஆபத்து. முதல் கட்டம் மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆலோசனை, குழுவாக உட்கார்ந்து பேசுவது, வேலை, உடற்பயிற்சி, குடும்பச் சந்திப்பு எல்லாம்.

எங்கள் உறவில் ஒரு மாமா, லோரி ஓட்டுநர். ராத்திரி கண் விழித்து ஓட்ட சியாபு, வீட்டுக்கு வந்து தூங்க மது. ஆறு மாதம் ஓர் இல்லத்தில் இருந்துவிட்டு வந்தார். "மொத மாசம் நான் எதையுமே முடிவு பண்ணல மாப்ள. மணி அடிச்சா எந்திரிப்பேன், மணி அடிச்சா சாப்பிடுவேன். அதுவே பெரிய நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. கதவுக்குள் இருப்பதால் குடிக்காத ஒருவரை 'திருந்தியவர்' என்று சொல்ல முடியுமா? அது அவர் சுதந்திரத்தை எடுத்துக்கொள்வது இல்லையா?

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனனுக்கும் இதே கஷ்டம்தான். மனத்தை அடக்கவே முடியாது என்கிறான். கண்ணன் அவனைக் கோழை என்று திட்டவில்லை, கஷ்டம்தான் என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு பயிற்சியையும் பற்றின்மையையும் வழியாகக் காட்டுகிறார். பயிற்சி என்றால் அதற்கு ஓர் இடமும் நேரமும் வேண்டும். உறுதி முதலில் வந்து பயிற்சி பிறகு வருவதில்லை. பயிற்சியில்தான் உறுதி விளைகிறது.

நான் சிவில் படிக்கிறேன். கான்கிரீட் ஊற்றியதும் பலகையும் முட்டும் கொடுத்துத் தாங்குவோம். அதன் பலத்தை 28 நாள் கணக்கு வைத்துச் சோதிப்போம். 'நல்ல கான்கிரீட்டா இருந்தா தானா நிக்கட்டுமே' என்று எந்தப் பொறியாளரும் முதல் நாளே முட்டைப் பிடுங்க மாட்டார். முட்டை நிரந்தரமாக விட்டுவைப்பதும் இல்லை.

ஆனால் எந்தக் கட்டாயமும் சரி என்று இதற்கு அர்த்தமில்லை. நம் நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, போதைப்பொருளுக்கு அடிமையானவரை இரண்டு வருடம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப மாஜிஸ்திரேட் உத்தரவிட முடிந்தது. 2010இலிருந்து தாமாகவே போய்ச் சிகிச்சை பெறும் மையங்களும் திறக்கப்பட்டன. இரண்டாவது வழி மனிதனை மதிக்கிறது. அதே சமயம், முழு விருப்பம் வரட்டும் என்று காத்திருந்தால் சிலருக்கு அது வரவே வராது. அரை மனசோடு போனாலும் உள்ளே போன பிறகு மீதி மனசு வரலாம். அடிப்பது, கட்டி வைப்பது, அவமானப்படுத்துவது மட்டும் எந்தப் பெயரில் நடந்தாலும் சிகிச்சை ஆகாது. அனுப்பும் முன் இல்லம் பதிவு பெற்றதா, மருத்துவர் வருகிறாரா, குடும்பம் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் மாமா மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. மாமியின் நகை அடகுக் கடைக்குப் போனது உண்மை. தனியாக நிறுத்த முடியாமல் போனதற்கு நோய் காரணம் சொல்லும், நகைக்குப் பதில் சொல்லாது. அதை மாமாதான் மாதா மாதம் கட்டி மீட்டுக்கொண்டிருக்கிறார். நோயாளி என்று சொல்லி அந்தப் பொறுப்பையும் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டால், அதுவும் ஒருவித அவமதிப்புதான்.

மீதிப் பொறுப்பு நம்முடையது. 1946, 47 வாக்கில் கெடா தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினார்கள். 'குடிக்கிறவன் பாடு' என்று அவர்கள் விட்டுவிடவில்லை. கடை வாசலில் இருக்கும்போது உறுதியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நம் கையில் இருப்பது சின்ன வேலைகள். இல்லத்திலிருந்து வந்தவர் இருக்கும் தீபாவளி விருந்தில் பீர் வைக்காதீர்கள். "ஒரு டின்தானே மச்சான்" என்று சொல்பவனை அங்கேயே நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபுட்சாலுக்கோ திருமுறை வகுப்புக்கோ கூப்பிடுங்கள், வெறும் நேரம்தான் அவருக்கு ரொம்பக் கஷ்டம். மறுபடி விழுந்தால் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிக்காமல் மறுபடி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நீரிழிவு கூடினால் அப்படித்தானே செய்வோம்? முக்கியமாக, ஹெராயின் பழக்கம் இருந்தவர் சில மாதம் நிறுத்திவிட்டுப் பழைய அளவை எடுத்தால் உயிரே போய்விடலாம். அந்த நேரத்தில் அவர் பயப்படாமல் போன் பண்ணக்கூடிய ஓர் ஆளாக நம்மில் ஒருவராவது இருக்க வேண்டும்.