நிழல் எங்கிருந்து வருகிறது?

ஐந்து வயதுக் குழந்தையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "என் உடம்பிலிருந்து" என்று சொல்லலாம். இருட்டில் அது எங்கே போகும் என்றால், "இங்கேதான் இருக்கு, கண்ணுக்குத் தெரியலை" என்கிற பிள்ளைகளும் உண்டு. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1920களில் குழந்தைகளிடம் இதையே விசாரித்தார். நிழலைத் தனியொரு பொருளாகவே சின்னப் பிள்ளைகள் நினைக்கிறார்கள் என்று எழுதினார். நிழல் ராத்திரியிலிருந்து வருவதாகச் சொன்ன குழந்தைகளும் அவர்களில் உண்டு. உண்மையில் ராத்திரி என்பதே பூமியின் நிழல்தான். அந்தப் பிள்ளைகள் உண்மைக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஆகவே "தப்பு" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கையைத் தூக்கினால் நிழலும் தூக்குகிறது. கண்ணால் கண்டதை வைத்துத்தான் குழந்தை யோசித்திருக்கிறது. "ஒளி நேர்கோட்டில் செல்லும்" என்று சொல்லிக் கொடுத்தால் அதையும் ஒப்பித்துவிடும். பழைய எண்ணம் உள்ளே அப்படியே கிடக்கும்.

டார்ச் லைட்டைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அறை விளக்கை அணைத்து, சுவருக்கு முன்னால் ஓர் எவர்சில்வர் டம்ளரை வையுங்கள். டார்ச்சை இடப்பக்கம் நகர்த்தினால் நிழல் வலப்பக்கம் ஓடும். டம்ளரோ அசையவே இல்லை! குழந்தை திகைத்து நிற்கும் இடம் இது. விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், பொறுத்திருங்கள். டார்ச்சை டம்ளருக்குக் கிட்டே கொண்டுபோகப் போக, டம்ளர் மறிக்கும் வெளிச்சம் கூடும், நிழல் சுவரையே அடைத்துக்கொள்ளும். இன்னொரு டார்ச் அடித்தால் நிழல் இரண்டாகும். அதே இடத்தில் கண்ணாடி டம்ளரை வைத்தால் நிழல் வெளிறிப்போகும். வெளிச்சம் போய்ச் சேராத இடம்தான் நிழல் என்பதைப் பிள்ளை தன் வாயாலேயே சொல்லட்டும்.

பகலில் ஒரு சாக்பீஸ் போதும். காலையில் முற்றத்தில் பிள்ளையை நிற்கவைத்து, பாதத்தையும் நிழலையும் சுற்றிக் கோடு போடுங்கள். மதியம் அதே பாதக்குறியில் நிறுத்தினால் நிழல் கோட்டை விட்டு விலகி, சுருங்கிக் காலடிக்கு வந்திருக்கும்.

சென்னையில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்போது செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. ஒரு வாரம் முன்பிருந்தே, தினமும் நண்பகலில் குச்சி நிழலின் நுனியில் பிள்ளையைப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். சூரியனை நேராகப் பார்க்க மட்டும் விடாதீர்கள்.