வேகமும் அடுத்திருப்பவரும்

2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நாள் அதிகாலை, ஜெர்மனியில் பெர்லின் மாநகருக்கும் ஹனோவர் நகருக்கும் இடையே செல்லும் ஏ2 நெடுஞ்சாலையில், செக் நாட்டுச் செல்வந்தர் ஒருவர் தமது புகாட்டி சிரோன் காரை மணிக்கு 417 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அது பந்தயத் திடல் அன்று. எவரும் எந்நேரமும் வரக்கூடிய பொதுச்சாலை. அவருக்காக அச்சாலையை யாரும் மூடி வைக்கவுமில்லை. 2022 ஜனவரியில் அந்த ஓட்டத்தின் படக்காட்சியை அவர் வெளியிட்டார். அத்துடன் எழுதிய குறிப்பில், இந்த வேகத்தைப் பாதுகாப்பாக எட்ட முடிந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி கூறியிருந்தார்.

உலகம் அந்த எண்ணைக் கண்டு வியந்தது, சிலர் வெகுண்டனர். என் சிந்தையைப் பிடித்து நிறுத்தியதோ அந்த நன்றியறிதல்தான். அதை எள்ளி நகையாட நான் விரும்பவில்லை. உயிரோடு திரும்பிய மனிதன் இறைவனை நினைப்பது நல்லதே. ஆனால் எதற்காக நன்றி? நோயிலிருந்து மீண்டவனும் புயலிலிருந்து கரை சேர்ந்த மீனவனும் சொல்லும் நன்றி வேறு; தானே தேடிச் சென்று விளைவித்த இடரிலிருந்து தப்பியவன் சொல்லும் நன்றி வேறு. ஆலயத்தின் உச்சியில் நிறுத்தப்பட்ட நம் ஆண்டவரிடம் அலகை கேட்டது இதைத்தானே? வானதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்ற வாக்குறுதி பொய்யன்று. அதை நம்பிக் கீழே குதிப்பதுதான் கடவுளைச் சோதிப்பது. புது வண்டி வாங்கியதும் அதைக் கோவில் வாசலில் நிறுத்தி மந்திரித்துக்கொண்டு, புனித கிறிஸ்தோபரின் உருவத்தைக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைக்கும் நாமும் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். ஆலய உச்சிக்கும் ஏ2 சாலைக்கும் ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. உச்சியிலிருந்து குதிப்பவன் தன் உயிரை மட்டுமே பணயம் வைக்கிறான்.

அந்தச் செல்வந்தர் அறிவிலி அல்லர். பல கிலோமீட்டர் தொலைவு நேராகச் செல்லும் பகுதியைத் தேர்ந்தெடுத்தார். போக்குவரத்து குறைந்த வேளையைத் தேர்ந்தெடுத்தார். பாலங்களின் மேல் ஆட்களை நிறுத்திச் சாலையைக் கண்காணித்தார். அரசு வழக்குரைஞர்கள் இதைத் தடைசெய்யப்பட்ட வாகனப் பந்தயமாகக் கொள்ளலாமா என ஆராய்ந்து, இறுதியில் 2022இல் குற்றம் இல்லை என்று கைவிட்டனர். அங்கே வேகத்திற்கு வரம்பு இல்லை. ஆகவே வரம்பை மீறவும் இல்லை. சட்டத்தின் கணக்கு அத்துடன் முடிந்தது.

ஜெர்மனியின் ‘ஆட்டோபான்’ நெடுஞ்சாலைகள் ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் நீளமுடையவை. அவற்றில் பெரும்பகுதியில் காருக்குக் கட்டாய வேக வரம்பு கிடையாது. 1978 முதல் 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை மட்டுமே. எல்லையைத் தாண்டினால் பிரான்சில் 130, சுவிட்சர்லாந்தில் 120 என்று கட்டாய வரம்புகள் உள்ளன. ஜெர்மானியர் ஒருமுறை வரம்பைச் சுவைத்துப் பார்த்தவர்களே. 1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடியின்போது, அரசு 100 கிலோமீட்டர் வரம்பை விதித்தது. 1974 மார்ச்சிலேயே அது நீங்கிவிட்டது. அந்த ஆண்டில் நாட்டின் பெரிய வாகன ஓட்டுநர் சங்கமான அடாக் ஒரு முழக்கத்தை எழுப்பியது: சுதந்திரக் குடிமக்களுக்குச் சுதந்திரப் பயணம் வேண்டும் என்பது அதன் பொருள். அந்த முழக்கத்தின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அன்று சுவருக்கு அப்பால் இருந்த கிழக்கு ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் 100 கிலோமீட்டர் வரம்பு நடைமுறையில் இருந்தது. வரம்பில்லாத சாலை, வரம்பில்லாத வாழ்வின் அடையாளமாகப் பலருக்குத் தோன்றியிருக்கக் கூடும். 2019இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த ஆண்ட்ரியாஸ் ஷாயர், வேக வரம்பு என்ற எண்ணமே மனித அறிவுக்கு ஒவ்வாதது என்னும் பொருள்படப் பேசியது இந்த மரபில் வந்த பேச்சே.

வரம்பு வேண்டாம் என்போரின் வாதத்தில் உண்மையும் உண்டு. அந்நாட்டு வாகனங்கள் ஓடும் மொத்தத் தொலைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆட்டோபானில்தான் ஓடுகிறது. சாலைச் சாவுகளிலோ அதன் பங்கு எட்டில் ஒன்று அளவே. வரம்பு விதிக்கப்பட்ட நாட்டுப்புறச் சாலைகளில்தான் மிகுதியானோர் மடிகின்றனர். எதிரெதிரே வாகனம் வராத சாலை, குறுக்குச் சந்திப்புகள் இல்லாமை, நடந்து செல்வோருக்கு இடமின்மை, கண்டிப்பான ஓட்டுநர் பயிற்சி ஆகியவையே இதற்குக் காரணம். இதற்கு மேல் அறநெறி சார்ந்த ஒரு வாதமும் இருக்கிறது. அதுதான் எனக்கு வலுவானதாகத் தெரிகிறது. கட்டளையும் காவலரும் இருக்கும் இடத்தில் மெதுவாகச் செல்பவன் கீழ்ப்படிகிறான், அவ்வளவே. யாரும் தடுக்காத இடத்தில் தானே தன் காலைத் தளர்த்துகிறவனிடம்தான் தன்னடக்கம் என்னும் புண்ணியம் இருக்கிறது. அப்படியானால் வரம்பு இல்லாத சாலை, வளர்ந்த மனிதரை வளர்ந்தவராகவே நடத்தும் பள்ளி அல்லவா?

இந்தக் கேள்விக்கு எளிதில் விடை கூற முடியாது. 2021இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வரம்பில்லாத பகுதிகளிலும் ஓட்டுநர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் 130க்குக் கீழேதான் செல்கின்றனர். 160ஐத் தாண்டுவோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. பள்ளி நன்றாகவே நடக்கிறது என்று இதைக் கொண்டு சொல்லலாம். நான் அதே எண்ணைத் திருப்பிப் படிக்கிறேன். அந்த இருவருடைய உரிமைக்காக மற்றத் தொண்ணூற்றெட்டுப் பேரும் ஒவ்வொரு முறை தடம் மாறும்போதும் பின்னோக்குக் கண்ணாடியை அஞ்சிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று கொஞ்சம் கணக்கிடுவோம். வலப்பக்கத் தடத்தில் 80 கிலோமீட்டருக்குக் கட்டுண்ட லாரி ஒன்று செல்கிறது. அதன் பின்னே மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் ஒருவர் இடப்பக்கம் திரும்பி முந்த நினைக்கிறார். பின்னால் 300 மீட்டரில் ஒரு கார். அது 130இல் வந்தால், அவரை நெருங்க 36 வினாடிகள் ஆகும். 220இல் வந்தால் ஒன்பதே வினாடிகள். 417இல் வந்தால் மூன்றரை வினாடிகள்கூட இல்லை. ஆனால் கண்ணாடியில் மூன்றும் ஒரே அளவுள்ள சிறு புள்ளியாகவே தெரியும். இன்னொன்று: உலர்ந்த சாலையில் 130இல் செல்லும் நல்ல கார், இடரைக் கண்டது முதல் முழுவதும் நிற்பது வரை ஏறக்குறைய 115 மீட்டர் ஓடும். 417இல் செல்பவருக்கோ, இடரைக் கண்டு கால் பிரேக்கைத் தேடும் அந்த ஒரு வினாடியிலேயே அவ்வளவு தூரமும் கழிந்துவிடும். நிறுத்தம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கமாக உயர்வதால், அவர் சுமந்து சென்றது 130இல் செல்வோரைப்போல் பத்து மடங்கு ஆற்றல். 1938 ஜனவரி 28 அன்று பிராங்க்பர்ட் - டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலையில் உலகப் புகழ் பெற்ற பந்தய வீரர் பெர்ன்ட் ரோஸ்மயர் வேகச் சாதனை முயற்சியில் உயிரிழந்தார். அவருக்காகச் சாலை மூடப்பட்டிருந்தது, எதிரே எவருமில்லை.

திருத்தூதர் பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் மடலில், சிலைகளுக்குப் படைத்த உணவை உண்ணலாமா என்ற சிக்கலைக் கையாளுகிறார். அறிவில் தேர்ந்தவர்களுக்கு அந்த உணவால் தீங்கில்லை என்பதை அவர் மறுக்கவில்லை. அவர்களுடைய உரிமையையும் மறுக்கவில்லை. ஆனால் அருகில் வலுவற்ற மனச்சான்றுடைய சகோதரர் இருக்கிறாரே, அவருக்கு இது இடறலாகுமே என்று கேட்கிறார். எனக்கு இந்தச் சாலைச் சிக்கல் அதே வடிவில்தான் தெரிகிறது. நல்ல கார், தேர்ந்த கை, கூரிய கண் உடையவர் தமக்குத் தீங்கின்றி 220இல் போகலாம். அவருடைய திறமை அவருக்கு வரம்பு. அந்தச் சாலையில் ஓட்டுநர் உரிமம் பெற்று ஒரு வாரமே ஆன இளைஞரும், பார்வை மங்கத் தொடங்கிய முதியவரும், பின்னிருக்கையில் அழும் குழந்தையை நோக்கி ஒரு கணம் திரும்பிய தாயும் இருக்கின்றனர். அவர்கள் தவறாமல் இருந்தால்தான் இவருடைய வேகம் பாதுகாப்பானது. பிறருடைய குறைபாடின்மையை முதலாக வைத்து நடத்தும் வாணிபம் இது. அந்த முதலை அவர் யாரிடமும் கேட்டுப் பெறவில்லை.

2003 ஜூலையில், கார்ல்ஸ்ரூ நகரின் அருகே, ஏ5 சாலையில் 21 வயதுத் தாய் ஒருவர் இரண்டு வயது மகளுடன் இடத்தடத்தில் சென்றுகொண்டிருந்தார். ஒரு கார் நிறுவனத்தின் சோதனை ஓட்டுநர் மிகுந்த வேகத்தில் அவருக்குப் பின்னே மிக நெருங்கி வந்தார். அஞ்சிய அப்பெண் திடீரென வலப்பக்கம் ஒதுங்க, கார் கட்டுப்பாட்டை இழந்து மரங்களில் மோதியது. தாயும் சேயும் அங்கேயே இறந்தனர். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடவே இல்லை. தாம் அவ்விடத்தில் இல்லவே இல்லை என்றார் அந்த ஓட்டுநர். நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்து, 2004 தொடக்கத்தில் ஒன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுத் தண்டனையாகக் குறைந்தது.

இந்த இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கிறேன். ஒருவர் 417இல் சென்றார், எவரும் இறக்கவில்லை, அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. மற்றவர் அதைவிட மிகக் குறைந்த வேகத்தில் சென்றார். இரண்டு உயிர்கள் போயின. அவருடைய பெயர் நாடெங்கும் பழிக்கப்பட்டது. இவர்களிடையே உள்ள வேறுபாடு மனத்தின் தீமையிலா, அல்லது அன்று அந்தத் தடத்தில் யார் இருந்தார் என்ற தற்செயலிலா? 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இரு மெய்யியலார் இந்தக் கேள்வியை முறையாக எழுப்பினர். ஒருவன் செய்ததன் விளைவு அவன் கையில் இல்லாதபோது, அவ்விளைவை வைத்து அவனைப் பழிப்பதும் புகழ்வதும் எப்படி நீதியாகும் என்பது அவர்கள் கேட்டது. தமிழில் நமக்கு ஊழ் என்றொரு சொல் இருப்பதால், ‘அவனுக்கு ஊழ் அப்படி’ என்று கடந்துபோய்விடுவது எளிது. ஆனால் நெருங்கி வந்து மிரட்டியது ஊழ் அன்று. அது அவருடைய செயல். இருவேறு விளைவுகளின் கீழேயும் ஒரே வகையான முடிவு கிடக்கிறது: என் விருப்பத்தின் விலையில் ஒரு பகுதியை நீ செலுத்து என்று முகமறியாத ஒருவரிடம் சொல்லும் முடிவு.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கொலை செய்யாதே என்னும் கட்டளையை விளக்கும் பகுதியில், 2290ஆம் எண்ணின் கீழ், குடிபோதையோடு வேக மோகத்தையும் சேர்த்தே பேசுகிறது. சாலையிலும் கடலிலும் வானிலும் தம் பாதுகாப்பையும் பிறர் பாதுகாப்பையும் இடருக்கு உட்படுத்துவோர் கனமான குற்றத்திற்கு ஆளாகின்றனர் என்பது அதன் போதனை. இடருக்கு உட்படுத்துவோர் என்கிறதே தவிர, கொல்வோர் என்று சொல்லவில்லை. விபத்து நேர்ந்ததா என்று அந்நூல் கேட்கவே இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடும்போது வேகத்தை ஒரு பாவமாக எண்ணிச் சொல்வோர் நம்மில் எத்தனை பேர் என்பது வேறு செய்தி.

ஜெர்மன் சட்டமும் இதை அறியாமல் இல்லை. அந்நாட்டுப் போக்குவரத்து விதியின் முதல் பிரிவே எப்போதும் எச்சரிக்கையையும் ஒருவருக்கொருவர் கரிசனையையும் கேட்கிறது. 1992இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், 130ஐத் தாண்டிச் சென்றவர் வேறு தவறு செய்யாதிருந்தாலும் விபத்தின் இழப்பீட்டில் பங்கேற்க வேண்டும் என்றது. 130இல் சென்றிருந்தாலும் அந்த விபத்து அப்படியே நேர்ந்திருக்கும் என்று மெய்ப்பித்தால்தான் விடுதலை. அறிவார்ந்த தீர்ப்புதான். ஆயினும், செல்லலாம், ஆனால் பின்னர் பணம் கட்டு என்பது ஒரு விந்தையான அனுமதி. கார்ல்ஸ்ரூத் தாய்க்கு எந்தக் காசோலை எழுதுவது?

பிராண்டன்பர்க் மாநிலத்தில், ஏ24 சாலையின் 62 கிலோமீட்டர் பகுதிக்கு 2002 இறுதியில் 130 வரம்பு விதித்தபோது, அங்கே விபத்துகள் ஏறக்குறைய பாதியாயின. புகையைப் பற்றிய கணக்கும் உண்டு: 130 வரம்பு ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் டன் கரியமில வாயுவைக் குறைக்கும் என்று 2020இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அலுவலகம் கூறியது. ஒரு காலத்தில் முழக்கமிட்ட அடாக் சங்கமே 2020இல் தன் பிடிவாதமான எதிர்ப்பைக் கைவிட்டது. 2019இல் நடு ஜெர்மனியின் புராட்டஸ்டாண்டுத் திருச்சபை 130 வரம்பு கேட்டு நாடாளுமன்றத்திற்கு மனு அனுப்பி, 50,000க்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் இதே வரம்பைக் கோரிய தீர்மானம் 126 வாக்குகளை மட்டும் பெற்று, 498 வாக்குகளால் தோற்றது. 2021இல் அமைந்த கூட்டணி அரசும் பொது வரம்பு இல்லை என்றே உடன்பாடு எழுதியது.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் திங்களில், ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் வாழும் ஈழத் தமிழர்கள் கேவலார் அன்னையின் திருத்தலத்திற்குத் திரளாகச் செல்கின்றனர். இந்து சமயத்தவரும் உடன் வருகின்றனர். பாட்டி, பேரக்குழந்தைகள், சோற்றுப் பொட்டலங்கள் என நிறைந்த அவ்வண்டிகளும் இந்தச் சாலைகளில்தான் ஓடுகின்றன. லாரியின் பின்னே சிறிது நேரம் காத்திருந்து, கண்ணாடியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்து, பிறகே இடத்தடத்திற்குத் திரும்புகின்றன.