மழை கடவுளுடையது, வெள்ளம் யாருடையது?

2005 ஜூலை 26-ம் தேதி மும்பையில் எவ்வளவு மழை பெய்தது?

சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தைக் கேட்டால் 944 மி.மீ. என்று சொல்லும். கொலாபாவைக் கேட்டால் 73 மி.மீ. என்று சொல்லும். இரண்டுமே நிஜம். ஒரே ஊர், ஒரே நாள், இடையில் இருபது சொச்சம் கிலோமீட்டர். அந்தப் பக்கம் பிரளயம். இந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு ஆபீஸ் போகிற மழை.

மழையை அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. களஞ்சியத்துக்கு முன்னால் ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரத்தை வைத்து மழையை அளக்கச் சொல்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். இன்றைக்கும் அடிப்படை அதேதான். ஒரு பாத்திரம், ஓர் அளவுகோல், தினமும் காலை 8.30 மணிக்குப் போய்ப் பார்க்க ஓர் ஆள். சிக்கல் என்னவென்றால் பாத்திரத்தின் வாய் சின்னது, வானம் பெரிசு. ஆராய்ச்சிக்குக் கிடைக்கிற உலகத்து மழைமானிகளின் வாய்களையெல்லாம் ஒட்டி ஒட்டி அடுக்கினாலும் ஒரு கால்பந்து மைதானத்தில் பாதிகூட நிரம்பாது என்று 2017-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மீதி பூமிக்கு ராடாரும் செயற்கைக்கோளும் கொடுக்கிற மதிப்பீடுதான்.

போகட்டும். பெய்த மழையை அளப்பதாவது சுலபம். பெய்த பிறகு அது எங்கே போனது என்பதுதான் கஷ்டமான கேள்வி. அங்கேதான் விஞ்ஞானத்தோடு கூடவே தர்மமும் உள்ளே நுழைகிறது.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு, செலவு, இருப்பு என்றுதான் புத்தி போகும். மழைக்கும் இந்த மூன்று கலம் உண்டு. பெய்தது வரவு. மண்ணுக்குள் இறங்கியது, ஆவியானது, ஓடிப்போனது செலவு. குளம் குட்டையில் நிற்பது இருப்பு. வரவு நம் கையில் இல்லை. ஆனால், செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம், தரையில் மண்ணா சிமென்ட்டா என்று தேர்ந்தெடுக்கிறபோது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் எமில் குய்ச்லிங் என்ற பொறியாளர் 1889-ல் ஒரு கணக்கு முறையைப் பிரசுரித்தார். எவ்வளவு பரப்பு, எவ்வளவு வேகமான மழை, அதில் எத்தனை பங்கு ஓடும் - மூன்றையும் பெருக்கினால் வடிகாலுக்கு வருகிற தண்ணீர். இன்றுவரை நகரங்களில் வடிகால் போடுகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் பயன்படுத்துகிறார்கள். இதில் மூன்றாவது எண்தான் வில்லன். புல் முளைத்த மணல் தரையென்றால் விழுவதில் பத்தில் ஒரு பங்குதான் ஓடும். மொட்டைமாடி, சிமென்ட் தரையென்றால் பத்தில் ஒன்பது பங்குவரை ஓடிவிடும்.

ஒரு கிரவுண்டு நிலம், அதாவது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 10 செ.மீ. மழைக்கு அந்த மனையில் விழுவது 22,300 லிட்டர். காலி மணல் மனையாக இருந்தபோது வெளியே போனது சுமார் 2,200 லிட்டர். முழுக்க சிமென்ட் பூசிய பிறகு போவது சுமார் 20,000 லிட்டர். வித்தியாசம் ஏறக்குறைய 18,000. பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் ஒன்றரை லாரி. ஐம்பது மனை உள்ள தெருவுக்கு 75 லாரி.

அளவு மட்டுமல்ல, வேகமும் கூடுகிறது. ஒவ்வொருவராக நடந்து வருகிற கூட்டத்துக்கும், படம் விட்ட தியேட்டர் வாசலுக்கும் உள்ள வித்தியாசம்.

எங்கள் தெருவில் வீடு கட்டும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ரொம்ப நல்ல மனிதர்.

"ரோட்டைவிட மூணடி ஏத்திட்டேன் சார். இனிமே பேய்மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள வராது."

"அந்தத் தண்ணி எங்க போகும்?"

"ரோட்டுக்குப் போயிடும்."

"ரோட்டுலேர்ந்து?"

"அது கார்ப்பரேஷன் பாடு சார்!"

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. மேட்டு நிலத்தில் இயற்கையாக விழுகிற தண்ணீர் இயற்கையாகத் தன் நிலத்துக்குள் ஓடிவருவதைப் பள்ளத்து நிலத்துக்காரர் அனுமதிக்க வேண்டும். சரிதான், தண்ணீர் பள்ளத்துக்குத்தானே வரும். ஆனால், அந்த 'இயற்கையாக' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள். மழை இயற்கை. சரிவு இயற்கை. கொத்தனார் பூசிய சிமென்ட்?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒருகாலத்தில் இதற்கு வேறு தத்துவம் வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் எல்லோருக்கும் பொது எதிரி. அவனவன் தன் நிலத்திலிருந்து எப்படி வேண்டுமானாலும் விரட்டிக்கொள்ளலாம். நம்மவர் மூன்றடி ஏற்றியதும் இதே தத்துவம்தான். 1956-ல் நியூஜெர்ஸி மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு கம்பெனி நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி, தண்ணீரையெல்லாம் குழாயில் சேர்த்து ஓடையில் விட்டது. கீழே இருந்தவர்களின் கரை அரித்துக்கொண்டு போனது. நிலத்தை நகரமாக்கி லாபம் பார்க்கிறவர் இருக்க, தண்ணீரை வெளியேற்றும் நஷ்டத்தைப் பக்கத்து நிலத்துக்காரர் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார் நீதிபதி பிரென்னன். தீர்ப்பு கம்பெனிக்கு எதிராகப் போனது.

அங்கே குற்றவாளி ஒருவர். பெயர் இருந்தது, குழாய் இருந்தது. நம் கதையில் குற்றவாளி பத்தாயிரம் பேர். என் வீட்டுத் தண்ணீரால் வேளச்சேரியில் வெள்ளம் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. இது உண்மை. உங்கள் வீட்டாலும் உயராது. அதுவும் உண்மை. அப்படியானால், அந்த வீட்டுக்குள் நிற்கிற இடுப்பளவு தண்ணீர் யாருடையது?

டெரிக் பார்ஃபிட் என்ற இங்கிலாந்துத் தத்துவவாதி 1984-ல் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார். ஆயிரம் பேர், ஆளுக்கொரு பொத்தான். ஒருவர் அழுத்தினால் எதிரே கட்டிப்போட்டிருக்கிற ஆளுக்கு வலி கூடியதே தெரியாது. ஆயிரம் பேரும் அழுத்தினால் துடித்துவிடுவான். 'நான் அழுத்தியது அவனுக்குத் தெரியவே இல்லையே' என்று ஆயிரம் பேரும் கைகழுவலாமா? கூடாது என்கிறார் பார்ஃபிட். சேர்ந்து செய்ததில் பங்கு இருந்தால் தப்பிலும் பங்கு உண்டு. 'அந்நியன்' படத்தின் அஞ்சு பைசா வசனம் ஞாபகம் இருப்பவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

உடனே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.-க்கு மேல் பெய்தது. பிறகு டிசம்பர் முதல் தேதி ஆரம்பித்து ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. அந்த நேரத்தில் மண் வயிறு முட்டக் குடித்து முடித்திருந்தது. மணல் மனையாக இருந்தாலும் ஓடித்தான் இருக்கும். அந்த வெள்ளம் முழுவதையும் சிமென்ட்டின் தலையில் கட்டுவது நேர்மை இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ஊழிமழை பத்து வருஷத்துக்கு ஒருமுறை வந்தால், பள்ளத்து வீட்டு அம்மா ஃபிரிட்ஜைக் கட்டில்மேல் தூக்கிவைக்கிற மழை வருஷா வருஷம் வருகிறதே, அதில் நம் பங்கு என்ன?

நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாக வெட்டினார்கள். மேல் ஏரி நிறைந்து கலிங்கில் வழிவது கீழ் ஏரிக்கு வரவு. மிச்சத்துக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார். அந்தச் சங்கிலியின் கண்ணிகளைத்தான் மனை போட்டோம். 1920-களில் மாம்பலத்து நீள ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் பிறந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்கிற இடமும் ஏரிதான். ஏரி போனதும் மிச்சத்துக்கு உரிமையாளர் இல்லாமல் போய்விட்டார். பள்ளத்தில் இருக்கிறவர் மட்டும் மிச்சம்.

பெர்லினில் இதற்கு பில் போடுகிறார்கள். எத்தனை சதுர மீட்டர் தரையை மூடி மழைநீரைப் பொதுச் சாக்கடைக்கு அனுப்புகிறீர்களோ அத்தனைக்குக் கட்டணம். காசைக் கட்டிவிட்டால் தப்பு சரியாகிவிடுமா? ஆகாது. வசதி உள்ளவர் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஆனாலும் அந்த பில்லில் எனக்கு ஒரு விஷயம் பிடித்திருக்கிறது. அதில் நம் பங்கு பூஜ்யம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத தொகையைப் பூஜ்யம் என்று எழுதுவதைத்தான் எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் மன்னிக்கவே மாட்டார்.

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினோம். நிலத்தடி நீருக்காக வெட்டிய அந்தக் குழிதான் பக்கத்துப் பள்ளத்துக்கு நாம் கொடுக்கும் தவணையும். தூர்ந்துபோயிருந்தால் அள்ளிப் போடுங்கள். காம்பவுண்டு ஓரத்தில் இரண்டடியாவது மண்ணை மண்ணாக விடுங்கள். வெள்ளம் நின்றுவிடாது. உங்கள் பங்கு குறையும். தர்மம் கேட்பது அவ்வளவுதான்.

அடுத்த ஐப்பசியில் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று டி.வி. சொல்லும். உங்கள் வீட்டு வாசலிலிருந்து எத்தனை லாரி கிளம்பியது என்பதை நீங்கள்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.