நல்லதுக்காகத் தப்புக் கணக்கு சொல்லலாமா?

வேலும் மயிலும் துணை.

போன மாசம் நம்ம குரூப்புல நான் ஒரு ஃபார்வர்டு போட்டேன். 0-க்கும் 1-க்கும் நடுவுல முடிவில்லாத எண்கள் இருக்கு, 0-க்கும் 2-க்கும் நடுவுல அதைவிட ரெண்டு மடங்கு இருக்கு, எல்லாத்தையும் விடப் பெரிய முடிவிலிதான் இறைவன், கணிதமே நிரூபிச்சிடுச்சுன்னு. வரிசையா கைகூப்பின எமோஜி வந்துச்சு. பி.எஸ்சி. மேத்ஸ் படிக்கிற என் சித்தப்பா பொண்ணு மட்டும் தனியா மெசேஜ் பண்ணினா: "அண்ணா, கணக்கு தப்பு."

நான் இன்ஜினியரிங்ல படிச்ச முடிவிலி, படுத்திருக்கிற எட்டு மாதிரி ஒரு குறி, அவ்வளவுதான். அவதான் புரிய வச்சா.

அன்னதானப் பந்தியை நினைச்சுக்கோங்க. ஒரு இலைக்கு ஒருத்தர் உட்கார்ந்து, இலையும் மிஞ்சலை, ஆளும் நிக்கலைன்னா, எண்ணிப் பார்க்காமலே ரெண்டும் சமம்னு சொல்லிடலாம். முடிவிலிக்கும் இதே அளவுகோல்தான். 0-க்கும் 1-க்கும் நடுவுல இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் ரெண்டால பெருக்குங்க. 0-க்கும் 2-க்கும் நடுவுல இருக்கிற எல்லா எண்ணுக்கும் ஒரு ஜோடி கிடைச்சிடும். எதுவும் மிஞ்சாது. ஆக, ரெண்டும் ஒரே அளவு!

அப்போ பெரிய முடிவிலியே கிடையாதா? உண்டு. 1, 2, 3 என்ற வரிசையோட 0-க்கும் 1-க்கும் நடுவுல உள்ள எண்களை ஜோடி சேர்க்க முடியாதுன்னு ஜெர்மன் கணித அறிஞர் கேண்டர் 1874-ல காட்டினார். 1891-ல அவர் கொடுத்த எளிய வழி இது: அந்தத் தசம எண்களை எல்லாம் பட்டியல் போட்டாச்சுன்னு வைங்க. முதல் எண்ணோட முதல் இலக்கம், ரெண்டாவதோட ரெண்டாவது இலக்கம்னு குறுக்கா பாருங்க. 5 இருந்தா 6 எழுதுங்க, வேற எது இருந்தாலும் 5 எழுதுங்க. வர்ற புது எண் பட்டியல்ல எங்கேயும் இருக்காது.

"விட்டுப்போனதைச் சேர்த்துட்டா?"ன்னு கேட்டேன். "சேருங்கண்ணா, புதுப் பட்டியல்லயும் ஒண்ணு விட்டுப்போகும்"னா. எந்தப் பட்டியல் போட்டாலும் இதே கதைதான்.

என் ஃபார்வர்டோட கடைசி வரி இன்னும் மோசம். எந்த முடிவிலிக்கும் அதைவிடப் பெரிய ஒண்ணு உண்டுன்னும் கேண்டர் நிரூபிச்சார். "எல்லாத்தையும் விடப் பெரிய" அளவுன்னு ஒண்ணு கணிதத்துல கிடையாது. அவரும் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர்தான். ஆனா இறைவனோட முடிவின்மை எந்தக் கணித அளவுக்கும் அடங்காதுன்னு தனியா வச்சார். நான் அதையும் ஒரு சைஸ் ஆக்கிட்டேன்.

குரூப்புல திருத்தம் போட்டேன். "நல்ல விஷயம்தானே தம்பி, ஏன் குழப்புறீங்க?"ன்னு ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். அந்தக் கேள்வி ரெண்டு நாள் என்னைத் தூங்க விடலை.

என் பதில் இதுதான். லாஜிக் தப்பா இருக்கிற கோடு, ஒரு டெஸ்ட்ல பாஸ் ஆனதால சரியாயிடாது. நாளைக்கு கணக்கு தெரிஞ்ச ஒரு பிள்ளை இதைப் படிச்சுட்டு, கணக்கோட சேர்த்து பக்தியையும் பொய்னு தூக்கிப் போட்டா, அந்தப் பாவம் யாருக்கு? சந்நிதியில கண்ணு கலங்கி நிக்கறப்போ நாம யாரும் நிரூபணம் கேட்கலையே.

அடுத்த தடவை "நிரூபிச்சிடுச்சு"ன்னு ஃபார்வர்டு வந்தா, அனுப்புறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்ட கேளுங்க. நானும் கேட்கிறேன்.

முருகா சரணம்.