பாலாற்று மணலில் ஜல்லி

ஒன்றுக்கு எண்பத்தேழு. மாடல் ரயில் ஓட்டுபவர்கள் உலகமெங்கும் அதிகம் கைக்கொள்ளும் அளவு இது, எச்.ஓ. என்று பெயர். இந்தக் கணக்கில் ஒரு கிலோமீட்டர் பதினொன்றரை மீட்டராகச் சுருங்கும். அப்படியும், ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனான விண்ணமங்கலம் வரை தண்டவாளம் போட ஒரு தெருவே வேண்டும். மாடி அறையில் எனக்கு இருப்பது பன்னிரண்டடிக்கு எட்டடி ப்ளைவுட் மேசை.

எதைச் செய்வது என்பதைவிட எதை விடுவது என்றுதான் அதிகம் யோசிக்கிறேன். ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று மேசையில் 25 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 24 பெட்டி கோத்தால் ஆறு மீட்டரைத் தாண்டிவிடும். ஏலகிரி எக்ஸ்பிரஸ் என் மேசையில் ஐந்து பெட்டியோடு ஓடுகிறது. வளைவு இன்னும் கடினம். அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவு பத்து டிகிரி. அதாவது 175 மீட்டர் ஆரம். அதுவே மேசையில் இரண்டு மீட்டர் ஆகிறது. என்னிடம் அறுபது சென்டிமீட்டருக்குத்தான் இடம். அதனால் வளைவுகள் இரண்டையும் மலைக்குப் பின்னால் மறைத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரிவது நேர்ப்பாதை மட்டும்.

•

நீளத்தைச் சுருக்கலாம். எடையை அப்படிச் சுருக்க முடியாது. டபிள்யூ.ஏ.பி.-7 இன்ஜின் 123 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறையும்போது எடை 187 கிராமுக்கு வந்துவிடும். அவ்வளவு லேசான இன்ஜினின் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்காமல் வழுக்கும். அதனால் உள்ளே ஈயமோ இரும்போ வைத்து இரட்டிப்பாக்குகிறார்கள்.

வேகமும் அப்படித்தான். மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது மேசையில் விநாடிக்கு 35 சென்டிமீட்டர். என் முன்பக்க நேர்ப்பாதையைக் கடக்க ஏழு விநாடி ஆக வேண்டும். கன்ட்ரோலர் கையில் வந்ததும் எல்லோரும் அதைவிட வேகமாகத்தான் ஓட்டுகிறார்கள், குழந்தைகள் மட்டுமல்ல. ஷன்ட்டிங் வேகம் இன்னும் அழகு: விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. இன்ஜின் அசைகிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். அந்த வேகத்தில் ஓட்டும்போது நம் மூச்சும் மெதுவாகிறது. எனக்கு இந்தப் பொழுதுபோக்கு பிடித்துப்போன காரணமே அதுதான்.

ஆனால் மெதுவாக ஓட வேண்டுமென்றால் தண்டவாளம் சுத்தமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் இரண்டு தண்டவாளங்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் ஒரு கடுகளவுகூடக் கிடையாது. அங்கே கொஞ்சம் தூசி படிந்தாலும் இன்ஜின் திக்கி நின்றுவிடும். ஆம்பூரில் தூசிக்கா பஞ்சம்? ஓட்டுவதற்கு முன்னால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, அப்புறம் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டின் சொரசொரப்பான பக்கத்தால் ஒருமுறை இழுக்கிறேன். துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும் வரைக்கும் துடைப்பு தொடரும். ஓட்டும் நேரத்தைவிட இந்த நேரம் நீளம். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

•

ஊர் கொடுத்த பொருள்கள்தான் மேசையில் அதிகம். தண்டவாளத்துக்கு அடியில் கார்க் ஷீட். செருப்பின் உள்ளங்காலுக்கு வைப்பது. சத்தத்தை நன்றாக அடக்குகிறது. மலைக்கு ஷூ கம்பெனிக் கழிவில் வந்த ஈ.வி.ஏ. ஷீட்டை அடுக்கடுக்காக ஒட்டி, தோல் சீவும் கத்தியால் சரிவு எடுத்தேன். பிளாட்பாரம் இன்சோல் போர்டு. டேனரி வாசலில் நிற்கும் மாட்டுவண்டியில், குரோமியத்தில் பதனிட்ட வெட் ப்ளூ தோலின் நீலச்சாம்பல் நிறம் வர மூன்று பெயின்ட் கலக்க வேண்டியிருந்தது.

குரோமியம் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையை வைத்து. ஆவாரை இன்னும் தண்டவாள ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. அதை மேசையில் வைக்காமல் இருக்க மனம் வரவில்லை. ஸ்பான்ஜ் தூளில் மஞ்சள் சாயம் ஏற்றி, தேங்காய் நார்த் துணுக்குகளின் நுனியில் தொட்டு வைத்தேன்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த வேலை ஜல்லி போடுவது. நம் ரயில்வேயில் ஜல்லிக்கல்லின் மேல் அளவு 65 மில்லிமீட்டர். 87இல் வகுத்தால் முக்கால் மில்லிமீட்டர். பாலாற்று மணல் ஒரு கைப்பிடி. டீ வடிகட்டியில் சலித்து, தங்கியதைத் தள்ளி, விழுந்ததைத் துணியில் இன்னொருமுறை சலித்தால் அதே அளவு கிடைக்கிறது. ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே தூவி, ஓவிய பிரஷ்ஷால் ஒதுக்கி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்து, டிராப்பரால் விட வேண்டும். அந்தச் சொட்டு சோப்பு இல்லாவிட்டால் பசை மணலுக்குள் இறங்காது, முத்துமுத்தாக மேலேயே உருளும். இருந்தால், மணல் ஒரு நொடியில் கறுத்து, பசை தானாகவே கட்டைகளின் அடிவரை பரவும். ஒரு சாணுக்கு மேல் ஒரு சமயத்தில் செய்வதில்லை.

•

அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அது ஒன்றுக்கு எண்பத்தேழில் பத்தொன்பதுக்குச் சற்று மேல். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ பதினாறரை, ஐரோப்பாவின் பாதைக்கு உரியது. நம் வண்டிகளை அதில் நிறுத்தினால் கால் ஒடுங்கித் தெரியும். மீட்டர் கேஜுக்கு அந்தச் சிக்கல் இல்லை: ஆயிரம் மில்லிமீட்டர் பதினொன்றரை ஆகிறது, பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் தயாராகக் கிடைக்கிறது. விழுப்புரத்திலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வழியாகக் காட்பாடிக்கு வந்த அந்த மீட்டர் கேஜ் பாதை இன்று இல்லை, அகலப்பாதையாகிவிட்டது. இல்லாமல் போன பாதை அளவுக்கு இவ்வளவு நெருங்கி வருவதும், தினமும் வீட்டுக்குப் பின்னால் கேட்கும் பாதை பொருந்தாமல் நிற்பதும் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தன.

புனேயில், கோத்ரூடில், பாவ் ஜோஷி அமைத்த மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. அங்கே இருப்பது கற்பனை நகரம். அதற்கு எந்தத் தேதியும் தேவையில்லை. இருக்கிற ஊரைச் செய்பவனுக்குத் தேதி வேண்டும். எந்த வருஷம், எந்த மாதம் என்று முடிவாகாமல் ஒரு கம்பத்தைக்கூட நட முடியாது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை போன காலமா? நீராவி இன்ஜின் காலமா? 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடிய வாரமா? ஆற்றில் தண்ணீருக்காக ரெசின் ஊற்றுவதா வேண்டாமா என்பதும் இதற்குள் அடக்கம்.

2019 ஜூலை என்று முடிவு செய்தேன். அந்த மாதம் 12ஆம் தேதி சென்னைக்குக் குடிநீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் ஜோலார்பேட்டையிலிருந்து கிளம்பியது. 50 டாங்கர் வேகன். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர். அது வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டி, வறண்ட பாலாற்றின் பக்கமாகவே போனது. டேனரிக் கழிவால் தன் கிணறுகளையே இழந்த ஒரு சமவெளி வழியாகப் போனது. என் ஊரைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த ஒரு வண்டியில் இருக்கிறது. பாலாற்றில் ரெசின் ஊற்றவில்லை. ஜல்லிக்குச் சலித்ததில் மிச்சமான மணலையே பரப்பியிருக்கிறேன்.

தேதி முடிவானதும் மற்றவையும் ஒவ்வொன்றாக முடிவாயின. மீட்டர் கேஜுக்குத் தனிப் பலகை, பிறகொரு நாள். தண்டவாளத்தின் தலையில் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை அரத்தால் கோடு இழுத்தால் பழைய பதின்மூன்று மீட்டர் தண்டவாளத்தின் தடக்தடக் சத்தம் வரும். மெயின் லைனில் அதைச் செய்யவில்லை. அங்கே நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் வந்து வருஷங்கள் ஆகின்றன. லூப் லைனில் மட்டும் வைத்தேன்.

டாங்கர்கள் எட்டுதான் கொள்ளும். வண்டியின் வாலை எப்போதும் மலைக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டால் ஐம்பது என்று நம்பலாம் என முதலில் தோன்றியது. ஆனால் வண்டி கடக்கும்போது ஸ்டேஷனில் இருப்பவர் பார்ப்பது கடைசியில் தொங்கும் எல்.வி. (லாஸ்ட் வெஹிகிள்) பலகையைத்தான். அது தெரிந்தால்தான் வண்டி நடுவில் அறுந்துபோகாமல் முழுதாக வந்தது என்று அர்த்தம். அதன் பிறகுதான் பின்னால் வரும் வண்டிக்கு வழி விடுவார்கள். எனவே எட்டு டாங்கர், பின்னால் ஒரு பிரேக் வேன், அதில் மஞ்சள் பலகை. இன்சோல் போர்டில் நகக்கண் அளவு வெட்டி வைத்திருக்கிறேன். எழுத்து இன்னும் எழுதவில்லை; அதற்கு ஒற்றை மயிர் பிரஷ் வேண்டும்.