மௌனத்தில் தெரியும் இரைச்சல்

கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் வந்ததும், ‘கெட்டிமேளம்... கெட்டிமேளம்...’ என்று குரல் கொடுப்பார்கள். தவிலும் நாகஸ்வரமும் ஒரே முழக்கமாக முழங்கும். எதற்காக? அந்தப் புனிதமான வேளையில் ஒரு தும்மலோ, அபசகுனமான பேச்சோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காக! வேண்டாத ஓசையை மங்கல ஓசையால் மறைப்பது நம் பெரியவர்கள் கண்ட வழி.

ஒலிப்பதிவில் இந்த வழி செல்லாது. அங்கே வேண்டியதும் வேண்டாததும் சேர்ந்தே பதிந்துவிடும்.

பல வீடுகளில், பீரோவின் மூலையில் ஒரு பழைய கேசட் இருக்கும். அம்மா சொன்ன சஹஸ்ரநாமமோ, பாட்டி பாடிய கொலுப் பாட்டோ அதில் இருக்கும். போட்டுக் கேட்டால் குரலோடு மின்விசிறியின் சத்தம், டேப்பின் ‘உஸ்ஸ்’, மின்சாரத்தின் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம். மறுபடி பாடச் சொல்லலாம் என்றால், பாடியவர் இன்று இல்லை. இருப்பது அந்த ஒரே ஒரு கேசட்தான்.

டேப்பின் ‘உஸ்’ சத்தத்தைக் குறைக்க வழி கண்டவர் ரே டால்பி என்ற அமெரிக்கர். 1963 முதல் இரண்டு ஆண்டுகள் ஐ.நா. ஆலோசகராக நம் பாரத தேசத்தில் இருந்தவர். 1965-ல் லண்டனில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். மெல்லிய ஒலிகளைப் பதியும்போதே உயர்த்திப் பதிய வேண்டும். கேட்கும்போது அதே அளவு தாழ்த்த வேண்டும். அப்போது டேப்பின் இரைச்சலும் கூடவே தாழ்ந்துவிடும். இதுதான் அவர் முறை.

சரி, அப்படிப் பதியாத கேசட்டுக்கு என்ன செய்வது? முதலில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு பிரதியைத் தொடாமல் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு, ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருளில் திறக்க வேண்டும். அம்மா பாட ஆரம்பிக்கும் முன் ஓரிரு விநாடிகள் மௌனம் இருக்குமல்லவா? அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ‘இதுதான் இரைச்சல்’ என்று மென்பொருளுக்கு அடையாளம் காட்ட வேண்டும். அதன்பின், பதிவு முழுவதிலும் அந்த இரைச்சலை அது குறைத்துவிடும்.

கவனித்தீர்களா? இரைச்சல் இன்னதென்று காட்டிக் கொடுப்பது மௌனம்தான்!

ஜபத்துக்கும் இதே கதைதான். உட்கார்ந்ததுமே மாலையை உருட்டத் தொடங்காதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பால் கணக்கு, பிள்ளையின் பரீட்சை, நாத்தனார் என்றோ சொன்ன ஒரு சொல் என வரிசையாக வரும். வரட்டும். அதுதான் உங்கள் மனத்தின் இரைச்சல். எதுவென்று தெரிந்துவிட்டால், அதைக் குறைப்பது சுலபம். மனம் அடங்க மறுக்கிறதே என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் முறையிடுகிறான். பகவான் சொல்லும் மருந்து, பயிற்சியும் பற்றின்மையும். ஒரே நாளில் அடக்கிவிடலாம் என்று அவர் சொல்லவில்லை.

ஒலிப்பதிவிலும் அவசரம் கூடாது. இரைச்சலை அடியோடு துடைக்கப் பார்த்தால், ‘ஸ’, ‘ஷ’ போன்ற எழுத்துகளும் சேர்ந்து தேயும். காரணம், ‘உஸ்’ சத்தமும் அவையும் ஏறக்குறைய ஒரே ஸ்தாயியில் ஒலிப்பவை. சஹஸ்ரநாமத்தில் அவை போனால் என்ன மிஞ்சும்? தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல அம்மாவின் குரலே மாறிவிடும். ஆகவே, கொஞ்சமாகக் குறைத்துக் கேளுங்கள். குரல் குரலாக இருக்கும்வரை போதும்.

குக்கர் விசில், வாசல் மணி, குழந்தையின் அழுகை போன்றவை இந்த முறையில் நீங்காது. ஒரே சீராக ஒலிக்கும் சத்தத்துக்குத்தான் இது பலிக்கும். போகட்டும், அவை இருந்துவிட்டுப் போகட்டுமே! ஸ்லோகத்தின் நடுவே ‘அம்மா...’ என்று அழும் அந்தக் குழந்தை நீங்களாகவே இருக்கலாம். அழுகையைக் கேட்டும் நாமத்தை விடாமல், மடியில் உங்களைத் தட்டிக்கொடுத்தபடியே அவள் சொல்லி முடித்திருப்பாள். சம்சாரத்தின் சத்தத்துக்கு நடுவே செய்த பூஜை அல்லவா அது!

நாள் ஆக ஆக டேப் நலிந்துபோகும். இந்த வெள்ளிக்கிழமையே அந்த கேசட்டைத் தேடி எடுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லுங்கள். விளக்கேற்றியதும் அம்மாவின் குரல் வீட்டில் ஒலிக்கட்டும். கூடவே நீங்களும் சொல்லுங்கள்.